பொன்னூசி பொழியும் ஊர்: கருயிசாவாவின் இலையுதிர் காலம் பிறந்த கதை

நவம்பர் முதல் வாரத்தில், வேலை நாளாகப் பார்த்து, டோக்கியோவில் ஷின்கான்சென் ரயில் ஏறினால் ஒரு மணி பத்து நிமிடத்தில் கருயிசாவாவில் இறங்கிவிடலாம். கதவு திறந்ததும் குளிர் முகத்தில் வந்து மோதும். ஊர் கடல்மட்டத்துக்கு மேலே ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வடமேற்கே 2568 மீட்டர் உயர அசாமா எரிமலை நிற்கிறது. நம் ஐப்பசி முடியும் அந்த நாட்களில் சில காலை வேளைகளில் அதன் தலையில் முதல் பனி வெள்ளையாகப் படிந்திருக்கும்.

நிலையத்திலிருந்து பழைய ஊரை நோக்கி அரைமணி நேரம் நடந்து, பங்களாக்கள் நிற்கும் சந்துகளுக்குள் திரும்பினால் ஆள் அரவம் அற்றுப்போகும். சன்னல்களுக்கெல்லாம் மரக்கதவு அடைத்திருக்கும். கோடையில் குழந்தைகள் ஆடிய முற்றங்களில் சருகு குவிந்து கிடக்கும். காற்று ஒருமுறை அசையும். தலைமேலும் தோள்மேலும் ஏதோ மென்மையாகச் சொரியும். மழை என்று நினைத்து அண்ணாந்து பார்த்தால் வானம் தெளிவாக இருக்கும். சொரிவது மஞ்சள் ஊசிகள். ஆயிரக்கணக்கான மரங்கள் ஒரே நேரத்தில் தம் பொன்னிற ஊசிகளை உதிர்த்துக்கொண்டிருக்கும்.

ஊசியிலை மரங்கள் என்றும் பச்சையாக இருக்கும் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். இந்த மரம் அதற்கு விலக்கு. கராமட்சு என்பது பெயர், லார்ச் இனத்தைச் சேர்ந்தது. ஜப்பானின் சொந்த ஊசியிலை மரங்களுள் குளிர்காலத்தில் மொட்டையாக நிற்பது இது ஒன்றுதான். அதன் பெயரை எழுதப் பயன்படும் எழுத்துகளைக் கூட்டிப் படித்தால் ‘இலை உதிர்க்கும் பைன்’ என்று பொருள் வரும்.

இந்தக் காட்டைப் பார்க்கிறவர்கள், உலகம் தோன்றிய நாள் முதல் இது இங்கே இருந்திருக்கும் என்றே எண்ணுவார்கள். நூற்று ஐம்பது ஆண்டுகளுக்கு முன் இங்கே வந்திருந்தால் காடு கண்ணில் பட்டிருக்காது. சாம்பலும் நுரைக்கல்லும் பரவிய புல்வெளியும், பிழைப்பு மங்கத் தொடங்கிய ஒரு வழிச்சத்திர ஊரும்தான் இருந்தன. இங்குள்ள அழகு பலவற்றுக்குப் பிறந்த ஆண்டு உண்டு. நட்டவர், கட்டியவர், காத்தவர் பெயரும் உண்டு.

நெருப்பும் நெடுஞ்சாலையும்

எடோ என்று அழைக்கப்பட்ட பழைய டோக்கியோவையும் கியோட்டோவையும் மலைவழியே இணைத்த பெருவழிக்கு நகாசெண்டோ என்று பெயர். அதில் 69 தங்கல் ஊர்கள். எடோவிலிருந்து எண்ணினால் பதினெட்டாவது கருயிசாவா, பத்தொன்பதாவது குட்சுகாகே, இருபதாவது ஒய்வாகே. மூன்றும் அசாமாவின் அடிவாரத்தில் அடுத்தடுத்து இருந்ததால் ‘அசாமாவின் மூன்று சத்திரங்கள்’ என்றே சொல்வார்கள்.

எடோவிலிருந்து வருகிறவர்கள் முதலில் உசுய் கணவாயின் கீழே இருந்த காவல் சாவடியைக் கடக்க வேண்டும். எடோவுக்குள் நுழையும் துப்பாக்கியையும், எடோவிலிருந்து வெளியேறும் பெண்ணையும் அங்கே கூர்ந்து பார்ப்பார்கள். பிரபுக்களின் மனைவியர் எடோவில் பிணையாக இருந்த காலம் அது. சாவடி தாண்டி, மூச்சு வாங்கக் கணவாய் ஏறி இறங்கினால் கருயிசாவா. ஈரச் சட்டையோடு வருகிறவர்களுக்கு வெந்நீரும் சோறும் பாயும் அங்கே கிடைத்தன. சாம்பல் மண்ணிலும் அந்தக் குளிரிலும் நெல் சரியாக விளையவில்லை. ஊரின் விளைச்சல் வழிப்போக்கர்தான்.

அந்த ஊருக்கு 1783 ஆம் ஆண்டு கோடையில் பேரிடி விழுந்தது. அசாமா வெடித்தது. மலையின் வடபக்கம் கன்பரா என்ற கிராமத்தைப் பாறையும் மண்ணும் நொடிகளில் மூடின. 477 பேர் மாண்டார்கள். மேட்டிலிருந்த கோயில் படிகளில் ஓடி ஏறியவர்கள் பிழைத்தார்கள். 1979 இல் அந்தப் படிகளைத் தோண்டியபோது, புதைந்த படியின் அடியில் இரு பெண்களின் எலும்புகள் கிடைத்தன. ஒருத்தி மற்றவளை முதுகில் சுமந்து ஏறிக்கொண்டிருந்த நிலையில் மண் மூடியிருந்தது. தென்பக்கத்தில் இருந்த கருயிசாவாவில் சூடான நுரைக்கல் மழையாகக் கொட்டிக் கூரைகளைக் கொளுத்தியது. மண் மேலும் மலடாயிற்று.

ஊர் மறுபடி எழுந்தது. எடோவுக்குப் போய்வந்த பிரபுக்களின் ஊர்வலங்கள் நடந்துகொண்டிருந்தவரை சத்திரங்களுக்குக் குறைவில்லை. 1868 இல் அரசு மாறியது. ஊர்வலங்கள் நின்றன. 1884 இல் உசுய் மலைக்குப் புதிய வண்டிப்பாதை திறந்தது. அது பழைய சத்திரத் தெருவைத் தொடாமல் தெற்கே விலகிப் போயிற்று. பெருவழியை நம்பி இருநூறு ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்த ஊர், வாசலில் ஒருவரும் வந்து நிற்காத ஊராயிற்று.

இன்று நாம் தேடிப் போகும் அந்த அமைதியின் முதல் வடிவம் இதுதான். அது வறுமையின் அமைதி.

நோயாளி நட்ட காடு

ஊர் தேய்ந்துகொண்டிருந்தபோது, 1883 இல், அமெமியா கெய்ஜிரோ என்ற வணிகர் அங்கே நிலம் வாங்கினார். இன்றைய யாமனாஷி மாநிலத்துக்காரர், 1846 இல் பிறந்தவர். பட்டு வணிகத்தில் வளர்ந்தவர். 1876 இல் அமெரிக்காவும் ஐரோப்பாவும் பார்க்கக் கிளம்பினார். வெறும் நிலத்தை மனிதர் விளைநிலமாக்கியதைக் கண்டு திரும்பினார். நுரையீரல் நோய் அவரை அரித்துக்கொண்டிருந்தது, இருமினால் இரத்தம் வந்தது. ஆயிரம் ஹெக்டேருக்கு மேற்பட்ட அந்தத் தரிசைத் தன் கல்லறை நிலமாக எண்ணியே அவர் வாங்கினார் என்பது அங்கே வழங்கும் செய்தி.

முதலில் திராட்சை பயிரிட்டுப் பார்த்தார். குளிரும் மண்ணும் இடம் கொடுக்கவில்லை. தோற்றபின் நிலத்தை விட்டு ஓடாமல், இந்த மண் எதைத்தான் ஏற்கும் என்று பார்த்தார். பக்கத்து மலைகளிலேயே விடை நின்றது. கராமட்சு வெயில் விரும்பும் மரம். எரிமலைச் சரிவில், வேறு மரம் வேர்விடத் தயங்கும் ஏழை மண்ணில், அது முதல் ஆளாக வந்து நிற்கும். விரைவாக வளரும், குளிரைத் தாங்கும். அமெமியா அதை நடத் தொடங்கினார். ஆண்டுக்கு ஆண்டு நட்டார். மொத்தம் எழுபது லட்சம் கன்றுகள் என்று கணக்குச் சொல்கிறார்கள்.

சாகப்போகிறவராக வந்தவர் 1911 வரை வாழ்ந்தார். ரயில், டிராம் தொழில்களில் பெரிய ஆளானார். அவர் நட்டதைப் பார்த்து மற்றவர்களும் நட்டார்கள். நுரைக்கல் வெளி காடாயிற்று.

மரம் நிழல் தந்தது, நிழல் ஈரத்தைக் காத்தது. கீழே கண்டோ சமவெளியின் சூடான ஈரக்காற்று உசுய் சரிவில் ஏறிக் குளிர்ந்து மூடுபனியாகும். அந்தப் பனி கருயிசாவாவில் அடிக்கடி வந்து தங்கும். பங்களாக்களின் எல்லையாக அடுக்கிய எரிமலைக் கற்களின் மேல் பாசி படர்ந்தது. ஊரின் அடையாளமாக இன்று படமெடுக்கப்படும் பாசிச் சுவர், அசாமா கக்கிய கல்லும் காடு காத்த ஈரமும் சேர்ந்து பிறந்தது.

கனடாக்காரர் கண்ட குளிர்ச்சி

காட்டுக்குக் கன்றுகள் ஊன்றப்பட்டுக்கொண்டிருந்த நாட்களில், 1886 ஆம் ஆண்டுக் கோடையில், இரண்டு வெளிநாட்டவர் கணவாய் ஏறி வந்தார்கள். ஒருவர் அலெக்சாண்டர் கிராஃப்ட் ஷா. டொராண்டோவில் பிறந்த ஆங்கிலிக்கன் பாதிரியார், 1873 முதல் ஜப்பானில் இருந்தவர். அவரும் அமெமியா பிறந்த அதே 1846 இல் பிறந்தவர். மற்றவர் ஜேம்ஸ் மெயின் டிக்சன், டோக்கியோவில் ஆங்கிலம் கற்பித்த ஸ்காட்லாந்துக்காரர். நாவலாசிரியர் நட்சுமே சோசெகி பிற்காலத்தில் அவருடைய மாணவர்.

டோக்கியோவின் ஆகஸ்டு மாதம் சென்னையின் மே மாதத்துக்கு உறவு. காற்றில் நீர் ததும்பும், இரவிலும் வியர்க்கும். கருயிசாவாவில் அதே ஆகஸ்டின் சராசரி வெப்பம் இருபது டிகிரியை ஒட்டியே இருக்கும். வந்தவர்கள் மூச்சை இழுத்துவிட்டு இந்த இடம் போதும் என்று முடிவு செய்திருப்பார்கள். ‘கூரையில்லாத மருத்துவமனை’ என்று ஷா இந்த ஊரைச் சொன்னதாக அங்கே வழங்குகிறது.

1888 இல் ஷா பழைய வீடு ஒன்றை வாங்கிப் பிரித்தெடுத்து, ஓட்சுகாயாமா என்ற மேட்டில் மறுபடி நிறுத்தினார். கருயிசாவாவின் முதல் கோடைப் பங்களா அது. நொடிந்து கைவிடப்பட்ட சத்திர ஊரின் மரச்சட்டங்களே புதிய ஊரின் முதல் தூண்களாயின. ஷா நினைவுத் தேவாலயம் இன்றும் பழைய தெருவின் கிழக்குக் கோடியில் மரங்களுக்கிடையில் நிற்கிறது. அவர் வாழ்ந்த வீட்டைப் புதுப்பித்து 1986 இல் அதன் பின்னால் அமைத்திருக்கிறார்கள்.

ஊர்க்காரர் ஒருவரையும் இங்கே சொல்லியாக வேண்டும். சாதோ மம்பெய் என்பவர் கமேயா என்ற பழைய சத்திரத்தை நடத்தினார். 1764 முதல் இருந்த சத்திரம். டிக்சன் அங்கே தங்கியபோது மேலைநாட்டவர் என்ன உண்பார்கள், எப்படிப் பரிமாறுவது, படுக்கை எப்படிப் போடுவது என்று மம்பெய் பார்த்துப் பார்த்துக் கற்றார். 1894 இல் சத்திரத்தையே வெளிநாட்டவர்க்கான ஓட்டலாக்கினார். அதுதான் மம்பெய் ஓட்டல். 1970களின் இறுதியில் ஜான் லெனன் குடும்பத்தோடு கோடைகளில் தங்கியது இங்கேதான். வழி விலகிப் போனதால் பிழைப்பை இழந்த ஒரு சத்திரக்காரர், வருகிறவர் எவரோ அவருக்கேற்ப அடுப்பை மாற்றினார். ஊர் பிழைத்த விதத்துக்கு அந்த அடுப்பு ஒன்றே சான்று.

பல்சக்கரத்தில் ஏறிய ஊர்

ஷா வந்தபோது ரயில் கணவாயின் அடியிலிருந்த யோகோகாவாவோடு நின்றுவிட்டது. அதற்கு மேல் நடை, குதிரை, வண்டி. 1893 இல் ரயிலே மலை ஏறியது. 11.2 கிலோமீட்டரில் 26 சுரங்கங்கள், 18 பாலங்கள். பதினைந்து மீட்டர் போனால் ஒரு மீட்டர் ஏற வேண்டிய சரிவு. சாதாரணச் சக்கரம் வழுக்கும் என்பதால் தண்டவாளங்களின் நடுவே பல்வரிசை பதித்து, எஞ்சினின் பல்சக்கரம் அதைப் பற்றி ஏறும்படி செய்தார்கள். சுவிட்சர்லாந்தின் ரோமன் ஆப்ட் வகுத்த முறை அது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் நம் நீலகிரி ரயிலும் அதே ஆப்ட் முறையில்தான் 1899 இல் ஓடத் தொடங்கியது. நீலகிரி ரயிலில் பல்சக்கரம் பல்லைப் பற்றும் அந்தக் கடகட ஒலியைக் கேட்டவர்களுக்கு, பழைய கருயிசாவாப் பயணம் எப்படி இருந்திருக்கும் என்று விளக்கத் தேவையில்லை.

சுரங்கங்களில் புகை மூச்சை அடைத்தது. அதற்காகவே சுரங்க வாயில்களில் காவலாளிகளை வைத்தார்கள். ரயில் உள்ளே நுழைந்ததும் வாயிலைத் திரையால் மூடுவது அவர்கள் வேலை. பின்னாலிருந்து காற்று புகுந்தால் புகை ரயிலைத் துரத்திக்கொண்டே வரும். திரை அதைத் தடுத்தது. 1912 இல் மின் எஞ்சின் வந்தபின்தான் அந்தத் துன்பம் நீங்கியது. ஜப்பானின் முதன்மை ரயில் பாதைகளில் முதலில் மின்மயமானது இந்த மலைத்துண்டுதான்.

ரயில் வந்ததும் டோக்கியோ நெருங்கிற்று. ரயில் ஏறிய அதே 1893 இல், ஹத்தா யூஜிரோ என்ற கடற்படை அதிகாரி ஜப்பானியர்களில் முதலாவதாக அங்கே பங்களா கட்டினார். பிரபுக்கள், வங்கியாளர்கள், பேராசிரியர்கள், எழுத்தாளர்கள் என்று பின்னால் வந்தார்கள். பழைய சத்திரத் தெருவில் கோடைக்கு மட்டும் டோக்கியோ, யோகோஹாமாக் கடைகள் கிளை திறந்தன. ஆகஸ்டு முடிந்ததும் பலகை அடைத்துவிட்டு இறங்கிப்போயின.

கருயிசாவாவின் இலையுதிர் காலம் இப்படித்தான் ஒரு தனிப் பொழுதாகப் பிறந்தது. வந்தவர்கள் போய்விட்டபின் எஞ்சியது அது. வரும் பருவம் என்று ஒன்று ஏற்பட்டதால்தான் ஓயும் பருவமும் ஏற்பட்டது.

இன்பத்தை இயற்கையிடம் தேடியவர்கள்

முதலில் குடிவந்தவர்கள் பெரும்பாலும் பாதிரியார்களும் ஆசிரியர்களும். மது விடுதியும் சூதும் கேளிக்கையும் அவர்களுக்கு ஆகாது. காலையில் நடை, பகலில் படிப்பும் டென்னிசும், மாலையில் பாட்டு, இரவில் சீக்கிரம் விளக்கணைப்பு. இன்பத்தை மனிதரிடம் தேடாதே, இயற்கையிடம் தேடு என்ற கருத்து ஊரின் கொள்கைபோல் ஆயிற்று. வில்லியம் மெரல் வோரிஸ் என்ற அமெரிக்கர் இந்த எண்ணத்துக்கேற்ற எளிய மர வீடுகளைக் கட்டினார். 1918 இல் எழுந்த யூனியன் தேவாலயமும் 1930 இன் டென்னிஸ் கிளப் கட்டடமும் அவருடையவை.

இந்தியாவின் காலடியும் இங்கே பதிந்திருக்கிறது. 1916 இல் ஜப்பான் வந்த ரவீந்திரநாத் தாகூர், ஆகஸ்டில் கருயிசாவாவுக்கு வந்தார். ஜப்பான் பெண்கள் பல்கலைக்கழகத்தின் மாணவியர் கோடைப் பயிற்சிக்காக அங்கே தங்கியிருந்தார்கள். பெரிய மரத்தடியில் அவர்களோடு அமர்ந்து பேசினார், தியானம் பழக்கினார். அதே பயணத்தில்தான் ஜப்பான் மேலைநாடுகளின் தேசவெறியைப் பின்பற்றுவதை அவர் வெளிப்படையாகக் கண்டித்தார். வரவேற்ற பலர் அதன்பின் முகம் திருப்பிக்கொண்டார்கள். இன்று உசுய் கணவாயின் பார்வை மேட்டில் அவருடைய மார்பளவுச் சிலை நிற்கிறது, 1980 இல் நிறுவியது. பின்சுவரில் மனித இனம் போரிடலாகாது என்ற பொருளுடைய சொற்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. நாகானோ, குன்மா என்ற இரு மாநிலங்களின் எல்லைக்கோடு அந்த மேட்டின் நடுவே ஓடுகிறது. போரும் எல்லையும் வேண்டாம் என்றவருக்கு அதைவிடப் பொருத்தமான இடம் அமையாது.

1921 ஆகஸ்டில் கவிஞர் கிடஹாரா ஹாகுஷு, குட்சுகாகே பக்கத்திலிருந்த ஹொஷினோ வெந்நீரூற்று விடுதிக்கு வந்தார். விடியலில் காட்டுக்குள் நடந்தார். ‘கராமட்சு’ என்ற தலைப்பிலேயே ஒரு கவிதை பிறந்தது. அந்தக் காட்டில் தனியே நடக்கிறவனின் ஏக்கத்தைப் பாடும் அந்தக் கவிதையை அறியாத ஜப்பானிய வாசகர் குறைவு. நாற்பது ஆண்டுகளுக்கு முன் வெறும் வெளியாகக் கிடந்த ஊரின் மரம், நாட்டின் மனத்தில் தனிமைக்கே அடையாளமாயிற்று.

1933 இல் செக் நாட்டில் பிறந்த கட்டடக் கலைஞர் ஆன்டனின் ரேமண்ட், தன் கோடை வீட்டின் கூரைக்கு லார்ச் சுள்ளிகளை வேய்ந்தார். நவீனக் கட்டடக் கலை வரலாற்றில் பேசப்படும் வீடு அது. இன்று ஷியோசாவா ஏரிக்கரையில் அதைக் காணலாம். சாம்பலில் ஊன்றிய மரம் ஐம்பது ஆண்டில் கவிதையாகவும் கூரையாகவும் ஆகிவிட்டிருந்தது.

பருவம் ஓய்ந்தபின் தங்கியவர்கள்

கோடை முடிந்தும் கிளம்பாமல் தங்கியவர்களே இந்த ஊரின் ஆழத்தைக் கண்டார்கள். அவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் நாவலாசிரியர் ஹொரி தாட்சுவோ. காசநோயாளி. மணம் பேசிய பெண் அதே நோயால் 1935 டிசம்பரில் இறந்தாள். அந்தத் துயரத்தை ‘காற்று எழுந்தது’ என்ற நாவலாக எழுதத் தொடங்கினார். முடிவு மட்டும் கைகூடவில்லை. 1937 இலையுதிர் காலத்தில் ஒய்வாகேயின் பழைய சத்திரமான அபுராயாவில் தங்கியிருந்தார். நவம்பரில் அந்தச் சத்திரம் தீக்கிரையாயிற்று. தங்க இடமின்றி, கருயிசாவாவில் எழுத்தாளர் கவாபாடா யசுனாரியின் பங்களாவுக்குப் போனார். வெளிநாட்டவர் ‘இன்பப் பள்ளத்தாக்கு’ என்று அழைத்த பகுதி அது. ஆளில்லாத அந்தப் பள்ளத்தாக்கில், டிசம்பர்க் குளிரில், இறுதி அத்தியாயத்தை எழுதி முடித்தார். மரணநிழலின் பள்ளத்தாக்கு என்று அதற்குப் பெயரிட்டார். கோடையின் கூட்டத்தில் அது பிறந்திருக்குமா என்று எண்ணிப் பார்க்கிறேன். பிறந்திருக்காது என்றே என் மனம் சொல்கிறது. ஹொரி பின்னர் ஒய்வாகேயிலேயே குடியேறி 1953 இல் அங்கேயே மறைந்தார்.

விரும்பித் தங்கியவர் அவர். விரும்பாமல் தங்கியவர்களும் உண்டு. இரண்டாம் உலகப் போரின் கடைசிக் காலத்தில், 1944 முதல், ஜப்பானிலிருந்த வெளிநாட்டவர் பலரைக் கருயிசாவாவில் கொண்டுவந்து அடைத்தார்கள். கோடைக்கென்று மெல்லிய பலகையில் கட்டிய வீடுகள். குளிர்காலத்தில் வெப்பம் உறைநிலைக்குப் பத்து டிகிரி கீழே போகும். விறகும் உணவும் இல்லை. பியானோக் கலைஞர் லியோ சிரோட்டாவும் மனைவியும் அப்படி அடைபட்டவர்கள். அமெரிக்காவில் படிக்கப் போயிருந்த அவர்கள் மகள் பியாட்டே, 1945 டிசம்பரில் திரும்பியபோது பெற்றோரைப் பட்டினியால் நலிந்தவர்களாகக் கண்டாள். அடுத்த சில வாரங்களில் ஜப்பானின் புதிய அரசியலமைப்புச் சட்டத்தில் பெண்களின் சம உரிமைப் பிரிவை வரைந்தது அதே பியாட்டே சிரோட்டாதான். அழகிய ஊர் எல்லாருக்கும் எப்போதும் அழகாக இருந்ததில்லை. இதை அறிந்து நடப்பது அந்தக் காட்டுக்கு நாம் செய்யும் மரியாதை.

அமைதிக்கு ஒரு சட்டம்

போருக்குப் பின் ஊர் மறுபடி புகழடைந்தது. 1957 ஆகஸ்டில் பட்டத்து இளவரசர் அகிஹிதோ, ஷோதா மிச்சிகோவை இங்குள்ள டென்னிஸ் மைதானத்தில் சந்தித்தார். 1959 இல் அவர்கள் மணந்துகொள்ள, நாடே கருயிசாவாவைத் திரும்பிப் பார்த்தது. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கின் குதிரைப் போட்டிகளில் ஒன்று இங்கே நடந்தது. 1998 நாகானோ குளிர்கால ஒலிம்பிக்கின் கர்லிங்கும் இங்கேதான். கோடை, குளிர்காலம் என்ற இரு ஒலிம்பிக்குக்கும் களம் தந்த முதல் ஊர் இது.

புகழோடு பணம் வந்தது. பணத்தோடு கான்கிரீட்டும் வந்திருக்க வேண்டும். ஆனால் 1972 இல் ஊராட்சி தன் இயற்கைப் பாதுகாப்பு நெறிகளை வகுத்தது. பங்களாப் பகுதியில் ஒரு மனை ஆயிரம் சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது. கட்டடம் மனையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. இரண்டு தளம், பத்து மீட்டர் உயரம், அதற்கு மேல் கிடையாது. மீதி நான்கு பங்கும் மரத்துக்கும் பாசிக்கும். மக்கள்தொகை இருபதாயிரம் அளவில் உள்ள ஊரில் பதினைந்தாயிரத்துக்கு மேற்பட்ட பங்களாக்கள் இருந்தும் அவை கண்ணை உறுத்தாமல் காட்டுக்குள் ஒளிந்து நிற்பது இந்த நெறிகளால்தான். நவம்பரில் நாம் கேட்கும் நிசப்தத்துக்கு எழுதிய விதிகள் இருக்கின்றன.

1997 அக்டோபர் 1 அன்று ஷின்கான்சென் வந்தது. முந்தைய நாளோடு, 104 ஆண்டுகள் நீடித்த பழைய உசுய் ரயில் போக்குவரத்து நின்றது.

போகிறவர்களுக்கு

நிறம் மேலிருந்து கீழே இறங்கி வரும். அக்டோபர் நடுவில் கணவாயும் உயர்ந்த சரிவுகளும் சிவக்கும். மாத இறுதியில் குமொபா குளத்தைச் சுற்றிய மேப்பிள் மரங்கள் தீப்பிடித்தாற்போல் நிற்கும். ஊற்றுநீர்க் குளம் ஆதலால் காற்றில்லாத காலையில் மரமும் நிழலும் ஒன்றாகத் தெரியும். அந்த வாரக்கடைசிகளில் கூட்டமும் காரும் நெருக்கும், அமைதியைத் தேடிப் போகிறவர்கள் அந்த நாட்களைத் தவிர்ப்பது நல்லது. மேப்பிள் கொட்டிய பிறகுதான் கராமட்சு பொன்னாகும். பெரும்பாலோர் திரும்பிப் போனபின் வருவது அதன் முறை. நவம்பர் முதல் பாதியின் வேலை நாட்களே அதற்கு ஏற்றவை.

பழைய தெருவின் கிழக்குக் கோடியில் ஷா தேவாலயத்தைப் பார்த்துவிட்டு, பழைய வழிப்போக்கர் பிரிந்து விடைபெற்ற நிதே பாலத்தைக் கடந்து கணவாய் மேட்டுக்கு நடக்கலாம். ஏற ஒன்றரை மணி நேரம் ஆகும். மேலே இரு மாநில எல்லையில் குமானோ கோயில் இருக்கிறது. தேநீர்க் கடைகளில் சிகரா மோச்சி கிடைக்கும், வழிப்போக்கருக்குத் தெம்பூட்ட அந்தக் காலத்திலிருந்து விற்கும் அரிசிப் பலகாரம். அங்கிருந்து தாகூர் சிலை சில நிமிட நடை. இன்னொரு நாள் ஒதுக்க முடிந்தால் யோகோகாவா பக்கம் இறங்குங்கள். மூடிய பல்சக்கரப் பாதை இப்போது நடைபாதை. செங்கல்லில் நான்கு வளைவுகளாக எழுந்த 31 மீட்டர் உயரப் பாலத்தின் மேல், இலையுதிர் காலச் சரிவுகளுக்கு நடுவே நடந்து போகலாம்.

கம்பளிச் சட்டை கட்டாயம். மாலை நாலரை மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கும். காட்டில் கரடி உண்டு, குளிர்காலத்துக்கு முன் அது இரை தேடி அலையும் மாதங்கள் இவை. தனியே காட்டுப் பாதையில் போகிறவர்கள் சிறு மணி ஒன்றைப் பையில் கட்டிக்கொள்வது அங்கே வழக்கம். அசாமா இன்னும் உறங்கவில்லை, 2004 இலும் 2019 இலும் வெடித்தது. மலைப்பக்கம் போகுமுன் அன்றைய எச்சரிக்கை நிலையைக் கேட்டுவிட்டுப் போங்கள்.

ஒரு வேண்டுகோள். பாசிச் சுவரின் மேல் கை வைக்காதீர்கள், ஒரு விரல் தடம் ஆறப் பல ஆண்டுகள் ஆகும். காட்டுக்குள் சிறிது நேரம் பேசாமல் நில்லுங்கள். ஊசி உதிரும் ஒலி காதுக்கு எட்டும். இந்த மண்ணைத் தன் கல்லறையென நினைத்த ஒருவர் நட்ட மரங்களின் வழிவந்த காடு அது. உங்கள் ஊரிலும் எதுவும் விளையாது என்று கைவிட்ட நிலம் ஒன்று இருக்கும். திரும்பி வந்ததும், அந்த மண் ஏற்கும் மரம் எது என்று கேட்டறிந்து ஒரு கன்றாவது ஊன்றுங்கள்.